ரெங்கத்திலிருந்து எல்லை கடக்கும் நம்மவர்களுக்கு: சுங்க விதிகளும் கட்டணங்களும்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ரெங்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்படுகிறவர்கள் பை கட்டும்போது முதலில் எடுத்து வைப்பது துணிமணி அல்ல, சாப்பாட்டுப் பொருள்தான். அரைத்த மிளகாய்த்தூள், வீட்டில் சுட்ட முறுக்கு, ஊறுகாய்ப் போத்தல், பேரப்பிள்ளைக்கு வாங்கிய புதுச் சட்டை என்று ஒவ்வொன்றாக உள்ளே போன பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாகச் செருகப்படுவது கடப்பிதழ். இந்த வரிசையை மாற்றிப் பை கட்டப் பழகினால், எல்லையில் வரும் சிக்கல்களில் பாதி வராது. என்ன கொண்டு போகிறோம், அதன் விலை என்ன, அதற்கான ரசீது எங்கே என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகே பொருளைப் பைக்குள் வைக்க வேண்டும்.

தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, எங்கள் ஆலய நிர்வாகக் குழுவின் பயண ஏற்பாடுகளை நான் கவனித்து வருகிறேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், தமிழ்நாட்டுக்கு யாத்திரை போகிறவர்கள் என்று பலருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது ஒன்றுதான்: நம்மவர்கள் எல்லையில் இழக்கும் பணத்தில் வரியாகப் போவது மிகக் குறைவு. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் சில வெள்ளியோடு (டாலரோடு) முடிந்திருக்க வேண்டிய விஷயம், சொல்லாமல் போனதால் அபராதமாக மாறியதே அதிகம். அதனால் கீழே எழுதுவது எல்லாமே, அதிகாரி கேட்பதற்கு முன்பே நாம் எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியது.

இரண்டு துறைகள், இரண்டு கேள்விகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குடிநுழைவுத் துறை கேட்பது "நீங்கள் யார், எத்தனை நாள் தங்குவீர்கள்" என்பதை. சுங்கத் துறை கேட்பது "உங்கள் பையில் என்ன இருக்கிறது" என்பதை. கடப்பிதழில் முத்திரை விழுந்ததும் அல்லது தானியங்கிக் கதவு திறந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து வேகமாக நடப்பவர்கள், இரண்டாவது கேள்விக்குத் தயாராக இருப்பதில்லை. ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் சாவடி வழியாகப் போனாலும் சரி, துவாஸ் இரண்டாவது இணைப்பு வழியாகப் போனாலும் சரி, குடிநுழைவுச் சோதனைக்குப் பிறகு சுங்கப் பகுதி இருக்கிறது. 1967இல் இரு நாடுகளுக்கும் இடையே குடிநுழைவுச் சோதனை வந்தது. அதற்கு முன்பிருந்த காலத்தைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் நம் ஊரில் இன்னமும் உண்டு. அந்தப் பழக்கத்தில் "பக்கத்து ஊருக்குத்தானே போகிறோம்" என்று சொல்பவர்களிடம், அது இன்னொரு நாடு, அதற்கென்று தனி வரிச் சட்டம் இருக்கிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுங்கப் பகுதியில் இரண்டு பாதைகள் இருக்கும். அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சைப் பாதை. வரி கட்ட வேண்டிய பொருளோ கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளோ வைத்திருப்பவர்களுக்குச் சிவப்புப் பாதை. பச்சைப் பாதையில் கால் வைப்பதே "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். அங்கே நிறுத்திப் பையைத் திறந்த பிறகு சொல்வதை அறிவிப்பாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் சிவப்புப் பாதைக்குப் போங்கள். அங்கே போவதில் அவமானம் எதுவும் இல்லை. வரி இல்லாத பொருள் என்றால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்குச் சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ போகிறவர்கள், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் குடியுரிமை, நிரந்தரவாசம் அல்லது நீண்டகால அனுமதி உள்ளவர்கள் தரைவழிச் சாவடிகள் வழியாகப் போகும்போது இது தேவையில்லை. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்திலோ அதன் செயலியிலோ இதை நிரப்பலாம். கட்டணம் எதுவும் கிடையாது.

கட்டணம் கிடையாது என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காள் மகள் ஒரு முறை தேடுபொறியில் முதலில் வந்த பக்கத்தைத் திறந்து, எல்லா விவரங்களையும் நிரப்பி, கடைசியில் கடன் அட்டை எண்ணையும் கொடுத்துவிட்டாள். பார்க்க அரசாங்கப் பக்கம் போலவே கொடியும் முத்திரையும் இருந்தன. இலவசமாகக் கிடைக்க வேண்டிய அட்டைக்கு இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் போயிற்று. அட்டை உண்மையாகவே வந்தது, அதனால் அவளுக்குச் சந்தேகமும் வரவில்லை. வங்கியின் மாதக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிங்கப்பூர் அரசின் பக்கம் என்றால் முகவரி "கவ் டாட் எஸ்ஜி" என்று முடிய வேண்டும். இந்திய அரசின் பக்கம் என்றால் "கவ் டாட் இன்" என்று முடிய வேண்டும். வருகை அட்டைக்குப் பணம் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் உடனே மூடிவிடுங்கள்.

வருமான வரி பாக்கி போன்ற காரணங்களால் நாட்டை விட்டு வெளியேறத் தடை உள்ளவர்களின் பெயர் மலேசியக் குடிநுழைவுத் துறையின் கணினியில் இருக்கும். அத்துறையின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து இதை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பேருந்து எல்லைக்கு வந்த பிறகு ஒருவரை மட்டும் திருப்பி அனுப்புவதைப் பார்த்தவர்களுக்கு, இந்த இரண்டு நிமிட வேலையின் அருமை தெரியும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும், அதாவது குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிகளாக இருக்கும், நம் பெரியவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது என்பதால், பயணச் சீட்டு வாங்குவதற்கு முன்பே குடிநுழைவு அலுவலகத்துக்கு நேரில் அழைத்துப் போய், மீண்டும் நாட்டுக்குள் வருவதற்கான அனுமதி உட்பட எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூருக்குள் கொண்டு போகக் கூடாதவை

மெல்லும் பசை 1992 முதல் தடை செய்யப்பட்ட பொருள். மின் சிகரெட் முற்றாகத் தடை. 2025 செப்டம்பரிலிருந்து அதற்கான தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டுள்ளன. இங்கே நம் பையன்கள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரியும் பொருள் அது. கடற்பாலத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வது பெற்றோரின் கடமை. வெற்றிலையோடு போடும் புகையிலை, குட்கா, கைனி போன்ற மெல்லும் புகையிலை வகைகளும் அங்கே தடை செய்யப்பட்டவை. தோட்டத்தில் வேலை செய்து பழகிய பாட்டிமார்களின் சுருக்குப்பையை அன்போடு கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக்கு நடுவே ஒரு துண்டுப் புகையிலை இருக்கும். அது இருப்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. தீபாவளிக் காலத்தில் பட்டாசு, துப்பாக்கி வடிவத்தில் உள்ள சிகரெட் லைட்டர் ஆகியவற்றையும் எடுத்துப் போகக் கூடாது.

இவற்றில் நம்மவர்களுக்கு அதிகம் தெரியாத பொருள் கசகசா. குருமாவுக்கு அரைக்கும் சாதாரண மசாலாப் பொருள், நம் ஊர் மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைப்பது. ஆனால் அது அபினிச் செடியின் விதை என்பதால், சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்பு விதிகளின் கீழ் வருகிறது. ஒரு முறை எங்கள் குழுவில் வந்த அம்மா ஒருவர், மகள் வீட்டுச் சீமந்தத்துக்குச் சமைக்கவென்று மசாலாச் சாமான்களைத் தனித்தனியாகக் கட்டி, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் பெயர் எழுதி வைத்திருந்தார். சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, அதற்கடுத்துச் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பையில் வெளிர் சாம்பல் நிறத்தில் கசகசா. பேருந்து ஜோகூர் பாருவை அடைவதற்கு முன்பே நான் பட்டியலைச் சரிபார்த்ததால் அது தெரிந்தது. "அம்பது கிராம்தானே தம்பி" என்றார். ஐந்து கிராமாக இருந்தாலும் அதே கேள்விதான் வரும் என்று சொல்லி அதை இறக்கி வைத்தோம். குருமாவுக்கு முந்திரியை அரைத்துக்கொள்ளலாம்.

சிகரெட்டும் மதுவும்

சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிச் சலுகை என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரே ஒரு சிகரெட்டாக இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். பெட்டியைத் திறந்து ஒன்றைப் பிடித்துவிட்டால் மீதிப் பத்தொன்பதைக் கொண்டு போகலாம் என்று காலங்காலமாக ஒரு பேச்சு உண்டு. அது தவறு. இந்தப் பேச்சை நம்பிப் போய் அபராதம் கட்டியவர்களை எனக்கு நேரடியாகத் தெரியும். புகைக்கும் பழக்கம் உள்ளவர்கள் பெட்டியை எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. எடுத்துப் போனால் சிவப்புப் பாதைதான்.

மதுவைப் பொறுத்தவரை, மற்ற நாடுகளிலிருந்து சிங்கப்பூருக்கு வருகிறவர்களுக்கு நிபந்தனையோடு ஒரு சலுகை உண்டு. ஆனால் மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. வரியில்லாக் கடையில் வாங்கியது என்பதால் சிங்கப்பூரிலும் வரி இருக்காது என்று நினைக்க வேண்டாம். மலேசிய வரி இல்லாமல் வாங்கியதால் சிங்கப்பூர் வரி தானாக நீங்கிவிடாது.

புதுப் பொருளுக்குப் பொருள் சேவை வரி

சிங்கப்பூரின் பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. சிங்கப்பூருக்கு வெளியே வாங்கி உள்ளே கொண்டு போகும் புதிய பொருட்களுக்கு இது பொருந்தும். நாம் அணிந்திருக்கும் பழைய துணி, பழைய கைத்தொலைபேசி போன்ற சொந்த உபயோகப் பொருட்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அன்பளிப்பாகக் கொண்டு போகும் புதிய பொருள் கணக்கில் வரும். "இது விற்க அல்ல, கொடுக்கத்தான்" என்று சொல்வதால் வரி நீங்காது.

சலுகை எவ்வளவு என்பது, ஒருவர் சிங்கப்பூருக்கு வெளியே எத்தனை நேரம் இருந்தார் என்பதைப் பொறுத்தது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவர்களுக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான பொருட்களுக்கு வரி இல்லை. அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 100 வெள்ளி வரைதான். நம் ஊரிலிருந்து எப்போதாவது போகிறவருக்கு முதல் கணக்கு பொருந்தும். தங்கையின் வளைகாப்புக்கு 700 வெள்ளி மதிப்புள்ள புதிய பொருட்களைக் கொண்டு போகிறார் என்று வைத்துக்கொண்டால், 500 போக மீதி 200 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 18 வெள்ளி கட்ட வேண்டும். ரசீதைக் காட்டினால் ரசீதில் உள்ள விலைதான் கணக்கு. ரசீது இல்லையென்றால் மதிப்பை அதிகாரி நிர்ணயிப்பார், அது நமக்குச் சாதகமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கல்யாணச் சேலை, பாத்திரம், புது நகை எதுவானாலும் கடை ரசீதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரியைச் சிங்கப்பூர்ச் சுங்கத் துறையின் இணையச் செயலி வழியாகப் பயணத்துக்கு முன்பே அறிவித்துக் கட்டிவிடவும் முடியும். அப்படிக் கட்டி, அதற்கான மின்னியல் ரசீதைத் தொலைபேசியில் வைத்திருப்பவர்கள் பச்சைப் பாதை வழியாகவே போகலாம்.

இங்கே கவனிக்க வேண்டியவர்கள், சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டு வைத்திருக்கும் நம் பிள்ளைகள். வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி போன்றவை வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன 500, 100 வெள்ளிச் சலுகை எதுவும் கிடையாது. அதாவது தினமும் மோட்டாரில் கடற்பாலம் கடந்து தொழிற்சாலைக்குப் போகும் பையன் ஜோகூரில் வாங்கிய புதுக் காலணியைப் பெட்டியோடு எடுத்துப் போனால், முதல் வெள்ளியிலிருந்தே வரி கணக்கிடப்படும். உறவினர் ஒருவர் "இதை நீயே கொண்டு போய்க் கொடுத்துவிடு" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது, இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்துப் போகவே கூடாது. இது உறவினராக இருந்தாலும் பொருந்தும். அந்தப் பொட்டலத்துக்குள் என்ன இருந்தாலும், சட்டத்தின் முன் அது உங்கள் பொருள்தான்.

தீபாவளிக்கு முன்பு முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் நம் பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டாருக்கு என்று சிறிதளவு பலகாரம் எடுத்துப் போவது வேறு. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துப் பணம் வாங்குவதற்காக டின் டின்னாக எடுத்துப் போவது வேறு. இரண்டாவது, வணிக இறக்குமதி. பயணிகளுக்கான சலுகை அதற்குப் பொருந்தாது, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும் அனுமதியும் தேவை. உழைத்துச் செய்த பலகாரத்தைச் சாவடியில் விட்டுவிட்டு வருவதைவிட, சிங்கப்பூரில் உரிமம் உள்ள ஒரு கடைக்காரர் மூலம் அனுப்புவது பாதுகாப்பானது. ஆடு, கோழி இறைச்சியைச் சமைத்தோ சமைக்காமலோ எடுத்துப் போவதைத் தவிர்த்துவிடுங்கள். மகனுக்குப் பிடிக்குமே என்ற ஆசைக்கு அங்கேயே வாங்கிச் சமைத்துக் கொடுக்கலாம்.

மருந்து எடுத்துப் போகிறவர்கள் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேல் போகக் கூடாது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை அதே பெட்டியில், மருத்துவமனை ஒட்டிய பெயர்ச் சீட்டோடு வைத்திருங்கள். கண்ணாடிச் சீசாவில் கொட்டி எடுத்துப் போவது சரியல்ல. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருக்கலாம் என்பதால், மருத்துவரின் கடிதமும் தேவை.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு

மலேசியப் பதிவெண் உள்ள காரில் போவதற்குச் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே வண்டியைப் பதிந்துகொள்ள வேண்டும். வண்டியின் சாலை வரியும் சிங்கப்பூரிலும் செல்லுபடியாகும் காப்புறுதியும் நடப்பில் இருக்க வேண்டும். கட்டணங்கள் ஆட்டோபாஸ் அட்டை வழியாகக் கழிக்கப்படும். வண்டி நுழைவு அனுமதிக் கட்டணம் காருக்கு ஒரு நாளைக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி, மோட்டார் சைக்கிளுக்கு 4 வெள்ளி. காருக்கு இதைத் தவிர ஒவ்வொரு நுழைவுக்கும் 6 வெள்ளி 40 காசு பரஸ்பர சாலைக் கட்டணம் உண்டு. அது 2017 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. சாலைச் சுங்கம் தனி.

35 வெள்ளி என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வோர் ஆண்டிலும் 10 நாட்கள் இந்தக் கட்டணம் இல்லை. சனி, ஞாயிறு, சிங்கப்பூர் பொது விடுமுறை நாட்களில் நாள் முழுவதும் கட்டணம் இல்லை. வேலை நாட்களில் மாலை 5 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை கட்டணம் இல்லை. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக் காலத்தில் நண்பகல் 12 மணியிலிருந்தே இந்தச் சலுகை தொடங்கும். அதனால் வெள்ளிக்கிழமை வேலை முடித்து, சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலை ஏறி, ஐந்து மணிக்குப் பிறகு சாவடியைக் கடந்து, ஞாயிறு இரவு திரும்பினால் நுழைவு அனுமதிக் கட்டணமே இல்லாமல் வந்துவிடலாம். ஞாயிறு நள்ளிரவைத் தாண்டித் திங்களுக்குள் நீண்டால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். பழைய போக்குவரத்து அபராதங்கள் கட்டாமல் இருந்தால், வண்டியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவார்கள். இரவல் வண்டி வாங்கிப் போகிறவர்கள் உரிமையாளரிடம் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் பணம்

20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் ரொக்கமாகக் கொண்டு போனாலோ கொண்டு வந்தாலோ சிங்கப்பூரில் அறிவிக்க வேண்டும். மலேசியாவில் அந்த எல்லை 10,000 அமெரிக்க டாலருக்கு நிகரான தொகை. இது வரி அல்ல. எவ்வளவு கொண்டு போனாலும் அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் அறிவிக்காமல் போவது குற்றம். கல்யாணத்துக்கு உறவினர் எல்லோரும் சேர்த்துக் கொடுத்த பணத்தை ஒருவரே சுமந்து போகும் வழக்கம் நமக்கு உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கே பணம் கட்டினாலும் ரசீது வாங்காமல் நகராதீர்கள். அபராதமாக இருந்தாலும் ரசீது உண்டு. ஆங்கிலமோ மலாயோ தடுமாறினால், மொழிபெயர்க்க ஒருவரைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். புரியாத தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுவதால் வந்த துன்பங்களை நான் தோட்ட அலுவலகக் காலத்திலேயே நிறையப் பார்த்துவிட்டேன்.

வடக்கே தாய்லாந்து எல்லை

புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக ஹாட்யாய் போகிறவர்களுக்கு, 2025 மே 1 முதல் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டை கட்டாயம், இதுவும் இலவசம்தான். சொந்தக் காரில் போனால் தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியை எல்லைக்கு அருகில் உள்ள கடைகளில் வாங்க வேண்டும். வண்டிப் பதிவு ஆவணமும், வண்டி வேறொருவருடையது என்றால் அவருடைய அனுமதிக் கடிதமும் தேவை. அங்கே தரும் தற்காலிக இறக்குமதித் தாளைத் திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும். தாய்லாந்துக் கடைகளில் கஞ்சா கலந்த இனிப்பும் பானமும் பார்க்க நேரலாம். அங்கே கடையில் விற்றது என்ற காரணம் மலேசியாவில் எடுபடாது. 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அது கடுமையான குற்றம்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது

விமானத்தில் வெளிநாடு போகிறவர்களுக்கு மலேசியா 2019 செப்டம்பர் 1 முதல் புறப்பாட்டு வரி விதிக்கிறது. சாதாரண வகுப்பில் ஆசியான் நாடுகளுக்கு 8 ரிங்கிட், இந்தியா போன்ற மற்ற நாடுகளுக்கு 20 ரிங்கிட். இது பயணச் சீட்டின் விலைக்குள்ளேயே இருக்கும். விமான நிலையத்தில் தனியாகக் கட்டச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இந்தியாவுக்கு விசா எடுத்த பிறகு, 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டவர்கள் மின்னியல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. இந்திய ரூபாயை இங்கேயே மாற்றிக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நாணய மாற்றுக் கடையிலும் அது கிடைக்கிறது. ஆனால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி இந்திய ரூபாயை இந்தியாவுக்குள் கொண்டு போவதற்குக் கட்டுப்பாடு உண்டு. ரிங்கிட்டையோ டாலரையோ கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நோட்டுகள் 5,000 அமெரிக்க டாலருக்கு நிகராகவோ, பயணக் காசோலையும் சேர்த்து மொத்தம் 10,000 டாலருக்கு நிகராகவோ தாண்டினால் அறிவிக்க வேண்டும். மது 2 லிட்டர், சிகரெட் 100 வரை வரியில்லாமல் அனுமதிக்கப்படும். மின் சிகரெட் 2019 முதல் இந்தியாவில் தடை.

புதுப் பொருட்களுக்கான வரியில்லா அளவு 2026 பிப்ரவரியில் வந்த புதிய பயணப்பொதி விதிகளில் உயர்த்தப்பட்டது. இந்திய வம்சாவளிச் சுற்றுலாப் பயணிகளுக்கு 75,000 ரூபாய், மற்ற வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 25,000 ரூபாய். நான்கு தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பத்தில், வம்சாவளி என்பதைக் காட்டப் பெரும்பாலும் தாள் எதுவும் இருப்பதில்லை. கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தார் என்ற கதை மட்டும்தான் இருக்கும். அதனால் நான் எங்கள் குழுவினரிடம் 25,000 ரூபாய்க் கணக்கிலேயே பொருட்களைத் திட்டமிடச் சொல்கிறேன்.

நகைதான் எல்லோரையும் கவலைப்பட வைக்கும் விஷயம். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் வசித்த இந்திய வம்சாவளிப் பயணி, பெண்ணாக இருந்தால் 40 கிராம், மற்றவர்கள் 20 கிராம் நகை வரை வரியில்லாமல் கொண்டு வரலாம் என்பது விதி. நம் கணக்கில் ஐந்து பவுன், இரண்டரைப் பவுன். தங்கக் காசும் கட்டியும் இந்தச் சலுகையில் சேராது. தாலிச் சங்கிலியும் இரண்டு வளையலுமே ஐந்து பவுனைத் தாண்டிவிடும் வீடுகள் நம்மில் பல. கல்யாணத்துக்குப் போகிறோம் என்று பீரோவில் உள்ள அனைத்தையும் அணிந்துகொண்டு போவதைவிட, தேவையானதை மட்டும் எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன் மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகப் படம் எடுத்து, எடையை எழுதி, ஆசாரி அல்லது கடையின் ரசீதை அதனோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் திருச்சியிலோ சென்னையிலோ இறங்கியதும் சிவப்புப் பாதைக்குப் போய், இவை மீண்டும் மலேசியாவுக்கே எடுத்துப் போகப்படும் நகைகள் என்று அறிவித்து, எழுத்தில் சான்று கேளுங்கள். திரும்பும் நாளில் அந்தத் தாளும் நகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது மலேசியச் சுங்கத்தின் கணக்கு தொடங்குகிறது. புதிய உடை மூன்று உருப்படிகளும் புதிய காலணி ஒரு சோடியும் வரியில்லா அளவுக்குள் வரும். இருபது பட்டுச் சேலைகளோடு வருகிறவர்கள் ரசீதுகளை மறைக்காமல் எடுத்துக்காட்டி மதிப்பைச் சொல்ல வேண்டும். செடி, விதை, மண், இறைச்சி ஆகியவை மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைத் துறையின் அனுமதி இல்லாமல் வரக் கூடாது. அத்துறைக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் ஆறு ஆண்டு வரை சிறையும் விதிக்க முடியும்.

இதை எழுதும்போது ஒரு முதியவர் நினைவுக்கு வருகிறார். நாமக்கல் பக்கத்தில் தன் தாத்தாவின் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த வீட்டு வாசலிலிருந்து ஒரு பிடி மண்ணை வேட்டித் துணியில் முடிந்துகொண்டு வந்தார். பூஜை அறையில் வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மண் என்பதால் அதைக் கொண்டு வர முடியாது என்று திருச்சி விடுதியில் நான் சொன்னபோது, நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை காவிரிக்குப் போய், அந்த முடிச்சை அவிழ்த்து ஆற்றிலேயே விட்டுவிட்டு, ஊர்க் கோயிலில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டார். திருநீறும் குங்குமமும் கொண்டு வந்ததில் எங்கள் குழுவில் இதுவரை யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை.